கேட்காமல் எடுக்கப்பட்ட உடல்: ஹென்றியேட்டா லாக்ஸின் வாழ்வும் நம் முன்னுள்ள கேள்வியும்

1951 ஜனவரி 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு முப்பது வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். கடைசிக் குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அடிவயிற்றில் ஏதோ முடிச்சு போல இருப்பதை அவர் நெடுநாளாகவே உணர்ந்து வந்தார். இப்போது இரத்தப்போக்கும் சேர்ந்துகொண்டது. கறுப்பின நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த பெரிய மருத்துவமனை அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். அங்கும் அவர்களுக்குத் தனி வார்டு, தனிக் குடிநீர்க் குழாய்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹென்றியேட்டா லாக்ஸ். அன்றிலிருந்து எட்டு மாதங்களில் அவர் இறந்துபோனார். ஆனால் அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசி முதல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசைப் புரிந்துகொண்டது வரை, நவீன மருத்துவம் அந்தச் செல்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அந்தக் கடன் யாரிடம் பெறப்பட்டது, எப்படிப் பெறப்பட்டது, திருப்பித் தரப்பட்டதா என்பதையே இக்கட்டுரையில் நாம் பேச விழைகிறோம்.

புகையிலை வயலிலிருந்து இரும்பாலை நகருக்கு

ஹென்றியேட்டா 1920 ஆகஸ்ட் 1 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் லொரெட்டா பிளெசன்ட். அவருக்கு நான்கு வயதானபோது, பத்தாவது பிரசவத்தில் தாய் இறந்தார். அத்தனை குழந்தைகளையும் தனியே வளர்க்க இயலாத தந்தை, அவர்களைக் குளோவர் என்னும் சிற்றூருக்கு அழைத்துச்சென்று உறவினர்களிடம் பிரித்துக் கொடுத்தார். ஹென்றியேட்டா தாத்தா டாமி லாக்ஸின் வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டின் வரலாறே ஒரு சமூகத்தின் வரலாறு. மரக்கட்டைகளால் ஆன அந்தக் குடில், ஒரு காலத்தில் அடிமைகள் தங்கவைக்கப்பட்ட இடம். அந்தத் தோட்டத்தின் உரிமையாளர்களாக இருந்த வெள்ளையர்களும் ஹென்றியேட்டாவின் முன்னோர்தான். நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. உழைப்பு இவர்கள் உடலில் இருந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும், அதே மண்ணில் புகையிலை நட்டு, அறுத்து, உலர்த்தி, சந்தைக்கு ஏற்றும் வேலையில்தான் அந்தக் குடும்பம் இருந்தது. ஹென்றியேட்டாவின் படிப்பு இளமையிலேயே நின்றுபோனது. சேரியில் பிறந்து, பண்ணையார் வயலில் நாற்று நட்டு, ஐந்தாறு வகுப்போடு பள்ளியை விட்ட நம் பாட்டிமார்களை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை அயலானதல்ல.

அதே வீட்டில் வளர்ந்த உறவினர் டேவிட் லாக்ஸ் என்பவரோடு அவருக்கு உறவு அமைந்தது. பதினான்கு வயதில் முதல் குழந்தை லாரன்ஸ் பிறந்தான். 1939இல் மகள் எல்சி. 1941 ஏப்ரலில் இருவரும் மணம் செய்துகொண்டனர். அந்த ஆண்டிலேயே குடும்பம் பால்டிமோரை ஒட்டிய டர்னர் ஸ்டேஷன் என்னும் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பெயர்ந்தது. போர்க்காலத்தில் இரவு பகலாக இயங்கிய பெத்லகேம் இரும்பாலையில் டேவிட்டுக்கு வேலை கிடைத்தது. பின்னர் டேவிட் இளையவன், டெபோரா, ஜோசப் என மேலும் மூன்று குழந்தைகள் பிறந்தனர். எல்சிக்குப் பேச்சு வரவில்லை, வலிப்பும் இருந்தது. வளர வளரக் கவனித்துக்கொள்ள முடியாமல், கறுப்பின மனநோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட கிரவுன்ஸ்வில் மருத்துவமனையில் அவள் சேர்க்கப்பட்டாள். தாய் உள்ளவரை மகளைப் போய்ப் பார்த்து வந்தார். தாய் இறந்த நான்காம் ஆண்டில், 1955இல், அந்தச் சிறுமியும் அங்கேயே இறந்தாள்.

சிகிச்சைக்குத் தந்த கையெழுத்து

மருத்துவர் ஹோவர்ட் ஜோன்ஸ் பரிசோதித்தபோது கருப்பை வாயில் கட்டி தெரிந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியானது. பிப்ரவரியில் சிகிச்சைக்காக மீண்டும் வந்த ஹென்றியேட்டா, அறுவைக்கு இசைவதாகப் படிவத்தில் கையெழுத்திட்டார். ரேடியம் நிரப்பிய குழல்களைக் கருப்பை வாயில் பொருத்துவதே அன்றைய சிகிச்சை. மயக்க நிலையில் இருந்த அவருக்கு ரேடியத்தைப் பொருத்துமுன், மருத்துவர் இரண்டு திசுத் துண்டுகளை வெட்டி எடுத்தார்: ஒன்று நலமான பகுதியிலிருந்து, மற்றொன்று கட்டியிலிருந்து. அவை அதே மருத்துவமனையில் இயங்கிய ஜார்ஜ் கையின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. சிகிச்சைக்கு அந்தத் துண்டுகள் தேவைப்படவில்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஹென்றியேட்டாவிடம் எவரும் கேட்கவுமில்லை, எடுத்ததைச் சொல்லவுமில்லை.

மனிதச் செல்களை உடலுக்கு வெளியே தொடர்ந்து வாழவைக்க ஜார்ஜ் கை பல ஆண்டுகளாக முயன்று தோற்றிருந்தார். நோயாளிகளிடமிருந்து வந்த செல்களெல்லாம் சில நாள்களில் மடிந்தன. ஹென்றியேட்டாவின் கட்டியிலிருந்து வந்தவை மடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாயின. பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்கு ஹீலா என்று பெயரிட்டனர். கை அவற்றை விற்கவில்லை. கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தார். விற்பனை பின்னர் வந்த நிறுவனங்களின் வேலை.

ரேடியம் நோயை நிறுத்தவில்லை. ஆகஸ்டில் தாங்கமுடியாத வலியோடு மருத்துவமனையில் சேர்ந்த ஹென்றியேட்டா திரும்பவில்லை. 1951 அக்டோபர் 4 அன்று, 31ஆம் வயதில் உயிர் பிரிந்தது. உடற்கூறாய்வுக்கு டேவிட் முதலில் இசையவில்லை. பிள்ளைகளுக்கு உதவக்கூடும் என்று சொல்லப்பட்ட பிறகே சம்மதித்தார். குளோவரில் குடும்ப இடுகாட்டில், கல்லில்லாத குழியில் ஹென்றியேட்டா புதைக்கப்பட்டார்.

அன்றைய சட்டம் இதைக் குற்றமாகக் கருதவில்லை என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மைதான். நாசி மருத்துவர்கள் மீதான வழக்கை ஒட்டி, தன்விருப்ப ஒப்புதல் இன்றி மனிதர் மீது ஆய்வு கூடாது என்னும் நூரம்பர்க் நெறி 1947இலேயே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளை அது கட்டுப்படுத்தவில்லை. விவரம் அறிந்து தரும் ஒப்புதல் என்னும் சொற்சேர்க்கை அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற 1957 ஆயிற்று. இலவச வார்டில் சிகிச்சை பெறும் ஏழை, அதற்கு ஈடாக ஆய்வுக்குப் பயன்படலாம் என்பதே மருத்துவர்கள் பலரின் எண்ணமாக இருந்தது. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் யாருடைய உடல் முதலில் எடுக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

செல்களின் பயணம்

1950களின் தொடக்கத்தில், போலியோ தடுப்பூசியைச் சோதிக்க ஹீலா செல்கள் பெருமளவில் தேவைப்பட்டன. அவற்றை உற்பத்தி செய்யும் கூடம் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் அமைந்தது. கறுப்பின அறிவியலாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வாரத்துக்கு ஏறத்தாழ 20,000 குழாய்களை அங்கிருந்து அனுப்பினர். அதே டஸ்கீகியில்தான், அதே ஆண்டுகளில், ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை வைத்து அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிபிலிஸ் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. நோய் இருந்தோருக்கு அதைச் சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமலும் 1932 முதல் 1972 வரை அது நீடித்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் செல்கள் உலகக் குழந்தைகளைக் காக்கப் புறப்பட்ட ஊரில், கறுப்பின ஆண்கள் மருந்தின்றிச் சாக விடப்பட்டனர்.

ஹீலா செல்கள் மனித உடல்களுக்குள்ளும் செலுத்தப்பட்டன. 1950களில் நியூயார்க்கின் புற்றுநோய் ஆய்வாளர் செஸ்டர் சவுத்தம், நோய் எதிர்ப்பாற்றல் புற்றுநோய்ச் செல்களை எப்படி எதிர்கொள்கிறது என்று அறிய விரும்பினார். ஏற்கெனவே புற்றுநோயால் நலிந்திருந்தோருக்கு, அவை புற்றுநோய்ச் செல்கள் என்று கூறாமலே ஊசி வழியே செலுத்தினார். 1956 முதல் ஓஹையோ சிறைக்கைதிகளுக்கும் செலுத்தினார். நலமான கைதிகளின் உடல்கள் அச்செல்களை விரைவாக அழித்தன. நலிந்த நோயாளிகளின் உடல்களில் கட்டிகள் வளர்ந்தன. சிலருக்கு வெட்டி எடுத்த பின்னும் மீண்டும் வளர்ந்தன. 1963இல் புரூக்ளினில் உள்ள யூத நாள்பட்ட நோய் மருத்துவமனையில் 22 முதிய நோயாளிகளுக்குப் புற்றுநோய்ச் செல்கள் செலுத்தப்பட்டபோது, மூன்று இளம் மருத்துவர்கள் பங்கேற்க மறுத்துப் பதவி விலகினர். விவகாரம் வெளிவந்தது. சவுத்தமுக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. பின்னர் அவர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தின் தலைவராகவும் ஆனார்.

நம்பிக்கைத் துரோகத்தின் வழியே வந்த அந்த அறிவு, எதிர்ப்பாற்றல் குன்றிய உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் திணறும் என்பதைக் காட்டியது. பின்னாளில் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்ட பெண்கள் எதிர்கொள்ளவிருந்த சிக்கலும் அதுவே. அதை விளங்கிக்கொள்ள, ஹென்றியேட்டாவைக் கொன்றது எது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கொன்றது எது?

விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., காரணம் என்று வாதிட்டு வந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு, 1983இல் இவ்வைரசின் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் கண்டறிந்தது. ஹீலா செல்களைச் சோதித்தபோது, அவற்றின் மரபுப்பொருளுக்குள்ளேயே 18ஆம் வகையின் மரபணுக்கள் நுழைந்து அமர்ந்திருந்தன. செல்லின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுக்கும் இரு காவற் புரதங்களை அவ்வைரசின் புரதங்கள் முடக்கிவிடுகின்றன. ஹென்றியேட்டாவின் செல்கள் ஓயாது பெருகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். 2008இல் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2006 முதல் தடுப்பூசியும் புழக்கத்துக்கு வந்தது. உலகில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த 16, 18 வகைகளே காரணம்.

எச்.பி.வி. தொற்று வெட்கத்துக்குரியதல்ல. பாலுறவு வாழ்வில் நுழைந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வரும். பெரும்பாலான பெண்களின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே வெளியேற்றிவிடும். அப்படி வெளியேறாமல் ஆண்டுக்கணக்கில் தங்கும்போதுதான் ஆபத்து.

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்ட பெண்ணின் நிலை இங்கேதான் வேறுபடுகிறது. புதிய உறுப்பை உடல் அன்னியமெனக் கருதித் தாக்காதிருக்க, அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். உறுப்பைக் காக்கும் அதே மருந்து, வைரசைத் துரத்தும் காவலையும் தளர்த்திவிடுகிறது. எனவே தொற்று தங்குவதும், அது கருப்பை வாய், பெண்குறி, ஆசனவாய்ப் பகுதிகளில் புற்றுநோயாக முற்றுவதும் இவர்களிடம் கூடுதல். இதற்கு வழிகள் இருக்கின்றன. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. மாற்று அறுவைக்கு முன்பே போட்டுக்கொண்டால் பலன் அதிகம், பின்னர் போட்டால் உடலின் எதிர்வினை குறையலாம். எதிர்ப்பாற்றல் குன்றியோருக்குக் குறைந்தது இரண்டு தவணை, இயன்றால் மூன்று தவணை தர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருப்பை வாய்ப் பரிசோதனையையும் மற்றப் பெண்களைவிடக் குறுகிய இடைவெளியில், தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பெற்று ஊர் திரும்பும் ஏழைப் பெண்ணுக்கு இவற்றை அவர் மொழியில் எடுத்துச்சொல்வது மருத்துவரின் கடமை. கேட்டுப் பெறுவது அவரது உரிமை.

திருடப்பட்ட பெயர்

செல்கள் புகழ்பெற்றபோது, அவற்றுக்கு உரியவரின் பெயர் வெளியே ஹெலன் லேன் என்று வழங்கியது. உண்மைப் பெயர் மருத்துவ இதழொன்றில் அச்சேற 1971 ஆயிற்று. செல்கள் உயிரோடிருப்பதைக் குடும்பம் அறிந்தது அதற்கும் பிறகு, 1973இல். அப்போதும் அவர்களைத் தேடி வந்தவர்கள் நன்றி சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் இரத்தத்தை எடுக்க வந்தனர். பிற செல்களோடு ஹீலா கலந்துபோன குழப்பத்தைத் தீர்க்க ஆய்வாளர்களுக்கு அது தேவைப்பட்டது. தாயைக் கொன்ற புற்றுநோய் தனக்கும் இருக்கிறதா என்று சோதிக்கத்தான் இரத்தம் எடுக்கிறார்கள் என்று மகள் டெபோரா நம்பினார். முடிவுக்காக அவர் காத்திருந்தார், வரவில்லை. தாயின் செல்கள் காசுக்கு விற்கப்பட்ட காலத்தில், மருத்துவக் காப்பீடு எடுக்கவும் வழியில்லாதவர்களாக அக்குடும்பத்தினர் இருந்தனர்.

2013இல் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று ஹீலாவின் மரபணுத் தொகுதியை முழுமையாக வெளியிட்டது. குடும்பத்தின் மரபுச் செய்தியும் அதில் அடங்கியிருந்தது; எனினும் மீண்டும் கேட்கவில்லை. குடும்பம் எதிர்த்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது: அத்தரவைப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும், அனுமதியைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் இருப்பர்.

சட்டப் போராட்டம் எளிதல்ல. உடலிலிருந்து நீக்கப்பட்ட செல்கள் மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்று, ஜான் மூர் என்பவரின் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990இல் கூறிவிட்டது. மருத்துவர் தமது ஆய்வு நலனையும் பொருள் நலனையும் நோயாளியிடம் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்பதை மட்டும் ஏற்றது. எனவே லாக்ஸ் குடும்பம் சொத்துரிமையை நம்பி நிற்காமல், நியாயமற்ற வழியில் ஈட்டிய பலன் என்னும் கோட்பாட்டைக் கையிலெடுத்தது. ஹென்றியேட்டா இறந்து எழுபது ஆண்டுகள் நிறைந்த 2021 அக்டோபர் 4 அன்று தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அவர் பிறந்து 103 ஆண்டுகள் நிறைந்த 2023 ஆகஸ்ட் 1 அன்று சமரசம் அறிவிக்கப்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை.

நம் மண்ணின் கணக்கு

இது அமெரிக்காவோடு முடிந்த கதையல்ல. அதே வைரஸ், அதே தடுப்பூசி, அதே புற்றுநோய் குறித்து இந்தியாவிலும் கணக்குகள் தீராமல் இருக்கின்றன. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், பாத் என்னும் அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் சேர்ந்து எச்.பி.வி. தடுப்பூசித் திட்டமொன்றை நடத்தின. ஊசி போடப்பட்ட சிறுமியரில் பலர் பழங்குடியினர். ஏழு சிறுமியர் இறந்தனர்; 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே அரசின் விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது.

அதற்கு முன்பே மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய இடங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் பலனை அளக்கும் மூன்று ஆய்வுகள் நடந்தன. ஒப்பீட்டுக்காக ஏறத்தாழ 1,38,000 பெண்கள் பரிசோதனை அளிக்கப்படாத குழுக்களில் வைக்கப்பட்டனர். அக்குழுக்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தனர். இந்தியாவில் அன்று பரிசோதனைத் திட்டமே இல்லாததால் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் வாதம். கிராமத்துப் பெண்ணுக்கும் குடிசைப் பகுதிப் பெண்ணுக்கும் எதுவும் கிடைக்காத நிலையையே அளவுகோலாக ஏற்கும் அறத்தை நாம் ஏற்க இயலாது.

இவற்றைச் சொல்வதால் தடுப்பூசியை நாம் எதிர்ப்பதாகப் பொருளில்லை. 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். தடுக்கக்கூடிய சாவுகள் இவை. தடுப்பூசியும் பரிசோதனையும் நம் பெண்கள் ஒவ்வொருவருக்கும் விலையின்றிக் கிடைக்க வேண்டும். உறுப்பு மாற்றுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும், எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் பெண்களுக்கும் முன்னுரிமையோடு கிடைக்க வேண்டும். அவற்றோடு, புரியும் மொழியில் விளக்கமும், மறுக்கும் உரிமையும், பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடும் சேர்ந்தே வர வேண்டும். மருந்தைக் கேட்பதும் ஒப்புதலைக் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கைவிடுமாறு நம்மிடம் எவரும் சொல்ல முடியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் நோயாளியிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். அது எந்த மொழியில் இருக்கிறது, நம் தாய்மார்களால் அதைப் படிக்க முடியுமா, கையெழுத்து வாங்குமுன் யாரேனும் விளக்குகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்து வடிவில் முறையிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்.

ஹென்றியேட்டாவின் குழிமேட்டில் 2010 வரை ஒரு கல் கூட இல்லை. அந்த ஆண்டில்தான் ரோலண்ட் பட்டில்லோ என்னும் கறுப்பின மருத்துவர் தம் செலவில் அவர் பெயர் பொறித்த கல்லை நிறுவினார். உலகம் முழுவதும் பரவிய அந்த உடலுக்குச் சொந்த மண்ணில் ஒரு பெயர்ப்பலகை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.